லெகோலேண்ட் போகலாமா? ஒரு பழைய கணக்கு வாத்தியாரின் பதில்



பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், என் பழைய மாணவர்களிடமிருந்து புலனத்தில் ஒரே கேள்விதான் வரும். அவர்கள் இப்போது அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். "சார், பிள்ளைங்கள லெகோலேண்ட் கூட்டிட்டுப் போகலாமா? அவ்வளவு காசு கொடுத்துப் போறதுக்கு அங்க என்ன இருக்கு?" இந்த மாதம் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளரும் கேட்டிருக்கிறார். அவருடைய பள்ளியில் கல்விச் சுற்றுலாவுக்கு அதைத்தான் யோசிக்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம். தேநீர் ஒன்று கலக்கிக்கொண்டு உட்காருங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பமாகப் போவதென்றால் போங்கள், ஆனால் கொஞ்சம் தயார் செய்துகொண்டு போங்கள். பள்ளியாகப் போவதென்றால், வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடாமல் கூட்டிப்போக முடிந்தால் மட்டும் போங்கள். முடியாது என்றால் அந்தப் பணத்தில் கற்களை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

இனி காரணங்கள்.

லெகோ என்றதும் ஏதோ அமெரிக்கக் கம்பெனி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சின்ன கிராமத்தில், ஒரு தச்சர் தொடங்கியது. அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென். உலகமெங்கும் பொருளாதார மந்தம் அடித்த காலம். வீடு கட்ட ஆளில்லை, தச்சு வேலை இல்லை. 1932-இல் அவர் மரத்தில் வீட்டுச் சாமான்களும் விளையாட்டுப் பொருள்களும் செய்து விற்க ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித்தான் 'லெகோ' என்று பெயர் வைத்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. மரவாத்து பொம்மைகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது அங்கே வழக்கம். மகன் கோட்ஃபிரெட் ஒருநாள் இரண்டு முறை மட்டும் பூசி, பெட்டி கட்டி, ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, காசு மிச்சம் பிடித்ததாக அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். அப்பா என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் போய் எல்லாப் பெட்டியையும் எடுத்து வா, மூன்றாவது பூச்சையும் பூசு, முடிக்கும்வரை தூங்காதே என்று அனுப்பிவிட்டார். இந்தக் கதையை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். வீட்டுப்பாடத்தில் கடைசி இரண்டு கணக்கை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இன்று நாம் பார்க்கும் கல்லின் அமைப்புக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள். மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். மேல் கல்லின் உட்சுவரும் குழாயும் சேர்ந்து கீழ்க்கல்லின் குமிழை இறுக்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் பொருத்தினால் நிற்கிறது, இழுத்தால் கழன்றுவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே பொருளில் இருப்பதுதான் அதன் மொத்த ரகசியம். 1958-இல் செய்த கல்லும் போன வாரம் செய்த கல்லும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பொருந்தும். தாத்தாவின் கல்லும் பேரனின் கல்லும் ஒரே வீட்டுக்குச் சுவராகும். இப்படி வேறு எத்தனை பொருளைச் சொல்ல முடியும்?

பூங்கா எப்படி வந்தது? கடைக் கண்ணாடிகளில் வைக்கவும் கண்காட்சிகளுக்காகவும் தொழிற்சாலையிலேயே பெரிய பெரிய மாதிரிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார்களாம். வேலை கெட்டது. சரி, இவர்களுக்கென்று வெளியே ஒரு தோட்டம் போட்டுவிடலாம் என்று கோட்ஃபிரெட் நினைத்தார். டாக்னி ஹோல்ம் என்ற பெண் சிற்பி மாதிரிகளை வடிவமைத்தார். 1968 ஜூன் 7-ஆம் நாள் பில்லுண்டில் முதல் லெகோலேண்ட் திறந்தது. முதல் பருவத்திலேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாட்டின் மூலையில் கிடந்த ஒரு கிராமத்துக்கு!

அடுத்து வின்ட்சர், கலிபோர்னியா, ஜெர்மனி, ஃபுளோரிடா. ஆறாவதாக, ஆசியாவிலேயே முதலாவதாக, 2012 செப்டம்பர் 15-இல் நம் ஜொகூரில் திறந்தது. அப்போது அந்த இடத்தை நூசாஜெயா என்றோம், இப்போது இஸ்கந்தர் புத்ரி. கேலாங் பாத்தா பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அந்த வட்டாரம் முழுக்க முன்பு செம்பனை. நம்மவர்கள் பலர் குலை வெட்டிய மண்.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று பூங்காவை நடத்துவது கல் செய்யும் கம்பெனி அன்று. 2000-களின் தொடக்கத்தில் லெகோ கம்பெனி பெரும் நட்டத்தில் விழுந்தது. கண்டதையும் செய்யப் போய்ச் செலவு கைமீறிவிட்டது. மூழ்காமல் இருக்க 2005-இல் பூங்காக்களை விற்றார்கள். மெர்லின் என்ற பிரிட்டிஷ் கேளிக்கை நிறுவனத்தின் கைக்கு அவை போயின. லெகோ குடும்பம் அதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது. 2019-இல் வேறு முதலீட்டாளர்களோடு சேர்ந்து மெர்லினையே வாங்கியும்விட்டது. அது இருக்கட்டும். நான் சொல்ல வருவது இதுதான்: கல் செய்கிறவரின் கவலை வேறு, பூங்கா நடத்துகிறவரின் கவலை வேறு. பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு விற்க வேண்டும், சாப்பாடு விற்க வேண்டும், வெளியே போகும் வழியில் கடையில் பெட்டி விற்க வேண்டும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, வியாபாரம். ஆனால் "பிள்ளை விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் நாம் பணம் கட்டுகிறோம் என்றால், அந்தக் கற்றல் தானாக நடந்துவிடாது. நாம்தான் அதை நடத்தவேண்டும்.

அங்கே போனவர்களுக்குத் தெரியும், நடுவில் மினிலேண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெட்ரோனாஸ் கோபுரம், சிங்கப்பூரின் மெர்லயன், தாஜ்மகால், அங்கோர் வாட் என்று ஆசியாவின் புகழ்பெற்ற இடங்களை லட்சக்கணக்கான கற்களால் கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடும், படகு நகரும். அசந்துபோவீர்கள். என் கணிப்பில் பூங்காவிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அந்தக் கற்கள் எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்திருப்பார்கள். வெயிலில் நிறம் மங்காமல் இருக்க மேலே பூச்சு அடித்திருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அப்படிச் செய்யாமல் நிற்காது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரித்துக் கட்டுவதற்காகவே பிறந்த ஒரு கல். அதைப் பிரிக்க முடியாதபடி ஒட்டி வைத்து, வேலிக்கு அப்பால் நின்று பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கும் பிள்ளைக்கு "அடேயப்பா" என்று வாய் திறக்கும். "நானும் செய்யலாம்" என்று கை நீளுமா? அது பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பெரியவர்கள் என்ன சொல்கிறோம்? "அங்க நில்லு, ஒரு படம் எடுக்கிறேன். சரி, வா, அடுத்து ரோலர் கோஸ்டர்." பத்து நிமிடத்தில் மினிலேண்ட் முடிந்தது. அப்புறம் சவாரிக்கு முக்கால் மணி நேரம் வரிசை.

ரோலர் கோஸ்டர் ஏறக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போடுவது நல்லதுதான். ஆனால் அதே ரோலர் கோஸ்டர் வேறு பூங்காவிலும் இருக்கிறது. லெகோலேண்டுக்கே உரியது எதுவோ அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, எங்கும் கிடைப்பதற்கு நாள் முழுக்க வரிசை பிடித்தால், பிறகு "காசுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

மினிலேண்டில் என்ன செய்யலாம்? ஒரு கணக்குப் பாடம் முழுக்க அங்கே கிடக்கிறது. மினிலேண்ட் என்பது 1:20 அளவுமுறையில் கட்டப்படுவது என்று சொல்வார்கள். அதாவது நிஜத்தில் 20 மீட்டர் இருப்பது அங்கே 1 மீட்டர். பிள்ளையிடம் கேளுங்கள்: "நீ 1 மீட்டர் 40 சென்டிமீட்டர் உயரம். இந்த ஊரில் நீ எவ்வளவு உயரம் இருப்பாய்?" 140-ஐ 20-ஆல் வகுத்தால் 7. விரலால் காட்டச் சொல்லுங்கள். தன் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஆளாகத் தான் அந்தத் தெருவில் நடந்துபோவதை அந்தப் பிள்ளை கற்பனை செய்துகொள்ளும். விகிதம் என்ற பாடம் அந்த நொடியில் முடிந்தது.

அப்புறம் பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். நிஜக் கோபுரம் 452 மீட்டர். 1:20 என்றால் எவ்வளவு இருக்க வேண்டும்? 22.6 மீட்டர். அதாவது ஏழு மாடிக் கட்டடம். ஆனால் கண்முன்னே நிற்பது அதில் பாதிகூட இல்லை. "ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை "கல்லு பத்தல" என்று சொல்லும். இன்னொன்று "காத்துல விழுந்துடும்" என்று சொல்லும். ஒரு பெண் பிள்ளை என்னிடம் சொன்னாள்: "சார், இத மட்டும் சரியா கட்டினா மத்ததெல்லாம் கண்ணுக்கே தெரியாது." எனக்குப் பிடித்த பதில் அதுதான். மாதிரி என்பது நிஜத்தைச் சுருக்குவது மட்டும் இல்லை, எதைக் காட்டவேண்டும் என்று ஒருவர் முடிவெடுப்பது. வரைபடம், வரலாற்றுப் புத்தகம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க எனக்கு வேறு நல்ல இடம் தெரியாது.

இன்னொரு கணக்கு. எட்டுக் குமிழ் உள்ள கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், இரண்டு வரிசையில் நான்கு நான்காக இருக்கும். ஒரே நிறத்தில் அப்படி இரண்டு கல் இருந்தால் எத்தனை விதமாகப் பொருத்தலாம்? வகுப்பில் கேட்டால் "அஞ்சு", "பத்து" என்பார்கள். விடை 24. இணையாக வைத்து 11 விதம், குறுக்காக வைத்து 13 விதம். இதைக் கையாலேயே செய்து பார்த்துவிடலாம், ஒரு பாட வேளை போதும். மூன்று கல் என்றால் 1,060 விதம். ஆறு கல் என்றால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765.

இதில் ஒரு சுவையான செய்தி. பல ஆண்டுகளாக லெகோ கம்பெனி சொல்லிவந்த எண் வேறு, ஏறத்தாழ 10 கோடியே 30 லட்சம். ஆறு கல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்காக வைக்கும் விதங்களை மட்டும்தான் அதில் எண்ணியிருந்தார்கள். ஒரே அடுக்கில் இரண்டு கல் அருகருகே வரலாம் என்பதைச் சேர்க்கவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினி வைத்து எண்ணித்தான் சரியான விடை வந்தது. "பெரிய கம்பெனி சொன்னாலும் நீ ஒருமுறை எண்ணிப் பார்" என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்குக் கிடைத்த அருமையான சான்று இது.

இப்போது ஒன்று கவனியுங்கள். மேலே சொன்ன இரண்டு கணக்கில் முதலாவதற்குத்தான் பூங்கா வேண்டும். இரண்டாவதற்கு ஆறே ஆறு கல் போதும்.

இனி பள்ளிச் சுற்றுலா விஷயம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நான் வேலை செய்த ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை லெகோலேண்ட் அழைத்துப்போக முடிவு செய்தார்கள். பேருந்து, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். கட்டுபவர்கள் வரலாம். வகுப்பில் 31 பேர். 25 பேர் கட்டினார்கள். 6 பேர் கட்டவில்லை. அந்த ஆறு வீடுகளும் எனக்குத் தெரியும். ஒருவருடைய அப்பா மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்க் கால் உடைந்து வீட்டில் இருந்தார். இன்னொரு வீட்டில் பாட்டிதான் வளர்க்கிறார். இரண்டு பிள்ளைகள் ஒரே குடும்பம், இரட்டையர். இரண்டு பேருக்கும் கட்டவேண்டும் என்றதும் அந்த அம்மா ஒருவருக்கும் கட்டவில்லை.

கூட்டத்தில் நான் சொன்னேன், எல்லோரும் போக வழி பார்ப்போம், இல்லாவிட்டால் செலவு குறைந்த இடமாகப் பார்ப்போம் என்று. "எல்லாரையும் பார்த்துக்கிட்டு இருந்தா எங்கயுமே போக முடியாது சார்" என்றார்கள். பேருந்து போயிற்று. நானும் பொறுப்பாசிரியராகப் போனேன்.

அடுத்த வாரம் தமிழ்மொழி ஆசிரியை எல்லோருக்கும் ஒரு கட்டுரை கொடுத்தார். 'நான் சென்ற கல்விச் சுற்றுலா'. போகாத பிள்ளைகள் வேறு சுற்றுலாவைப் பற்றி எழுதலாம் என்றும் சொல்லியிருந்தார். ஒரு பையனுடைய நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவன் அந்த ஆறு பேரில் ஒருவன். ஆனால் லெகோலேண்ட் பற்றித்தான் எழுதியிருந்தான். பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான், என்ன சாப்பிட்டான் என்று எல்லாம் இருந்தது. நண்பர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான். நடுவில் இப்படி இருந்தது: கோபுரத்தைத் தொட்டேன், ஒரு கல் கழன்று என் கையில் வந்தது, யாரும் பார்க்கும் முன் நான் அதைத் திரும்பப் பொருத்திவிட்டேன்.

போன பிள்ளைகளுக்குத் தெரியும், அங்கே எந்தக் கல்லும் கழன்று வராது.

அந்த ஆசிரியை அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கல்விச் சுற்றுலா என்பதில் 'கல்வி' என்ற சொல் இருக்கிறது. பாடநூலை வசதி உள்ள பிள்ளைக்கு மட்டும் கொடுப்போமா? குடும்பமாகப் போவது அவரவர் வசதி, அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் பள்ளியின் பெயரில் போகும்போது, வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டுப் பேருந்தில் ஏற்றும்போது, கூப்பிடாத பெயர் ஒவ்வொன்றும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. "இது உனக்கில்லை" என்ற பாடம். அதை ஒருமுறை கற்ற பிள்ளை லேசில் மறக்காது. நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் அதைத்தான் கற்றார்கள். அதிலிருந்து வெளியே கொண்டுவரத்தானே தமிழ்ப்பள்ளி?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் பார்ப்போம். "ஆறு பேருக்காக 25 பேர் சந்தோஷத்தைக் கெடுப்பதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் 25 பேரையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு பேருடைய கட்டணத்தை 25-ஆல் வகுத்துப் பாருங்கள் என்கிறேன். ஒரு குடும்பத்துக்கு வரும் கூடுதல் தொகை, பூங்காவுக்குள் ஒரு வேளை பர்கர் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அதுவும் கட்ட மனமில்லையென்றால் முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் கொடுக்கிற கைகள் இதற்கும் கொடுக்கும். கேட்க வேண்டியது நம் வேலை.

பூங்கா நடத்துகிறவர்களிடமும் கேட்கலாம். பள்ளிக் குழுக்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வீர்களா என்று ஒரு கடிதம் எழுதுவதில் நமக்கு என்ன நட்டம்? இந்தப் பூங்கா உருவானபோது நாட்டின் முதலீட்டு நிதியான கசானாவின் பணமும் அதில் இருந்தது. நாட்டுப் பணம் விழுந்த இடத்தில் நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒருநாள் இடம் கேட்பது பிச்சை ஆகாது.

"சார், பிளாஸ்டிக் பொம்மையைப் போய் இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்களே, களிமண்ணும் தென்னங்குச்சியும் போதாதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். களிமண் அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் களிமண்ணில் பின்னம் சொல்லித்தர முடியாது. எட்டுக் குமிழ்க் கல்லின் மேல் நாலு குமிழ்க் கல்லை வைத்தால் பாதி. இரண்டு குமிழ் வைத்தால் கால். ஒன்று வைத்தால் எட்டில் ஒன்று. பாதியோடு காலைக் கூட்டினால் முக்கால் என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம், பொதுப்பகுதி என்ற சொல்லை எடுக்கும் முன்பே. பிளாஸ்டிக் பற்றிய கவலை எனக்கும் உண்டு. தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் வேறு, அறுபது வருடம் கைமாறி வருகிற பிளாஸ்டிக் வேறு. அதனால்தான் புதிதாக வாங்காதீர்கள், பழையதைத் தேடுங்கள் என்கிறேன்.

சரி, குடும்பமாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நான் பள்ளிப் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சென்றுவந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. வயது பாருங்கள். அந்தப் பூங்கா 2 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளை சலித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் 7 முதல் 10 வயதுதான் சரியான பருவம். பள்ளிகளும் ஆறாம் ஆண்டு முடியட்டும் என்று காத்திராமல் மூன்றாம், நான்காம் ஆண்டிலேயே கூட்டிப்போவது நல்லது.

2. காலையிலேயே போய் முதலில் மினிலேண்டைப் பாருங்கள். எல்லோரும் சவாரிகளுக்கு ஓடும்போது அங்கே கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. நண்பகலில் அங்கே நின்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். தொப்பி, குடை, தண்ணீர் மறக்காதீர்கள். மாலையில் இடி மின்னலோடு மழை வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நம் ஜொகூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

3. பிள்ளையின் கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். மூன்றே மூன்று வேலை: பிடித்த ஒரு கட்டடத்தை வரைந்து வா, அதில் வளைவான பகுதியைச் சதுரக் கல்லால் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடி, அவர்கள் செய்யாத ஒன்றை நீ என்ன செய்வாய் என்று எழுது. மூன்றாவது கேள்விக்கு என் பேத்தி எழுதிய பதில், "நம்ம வீட்டு முன்னால உள்ள ரொட்டி சானாய் கடை." கட்டவேண்டியதுதானே!

4. பிள்ளைகள் தாங்களே கல்லில் கார் கட்டிச் சரிவில் ஓடவிட்டுப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவசரப்படுத்தாதீர்கள். முதல் கார் உடையும். இரண்டாவது ஓடாது. நான்காவது ஓடும். அந்த நான்காவது காருக்காகத்தான் நாம் நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாமார் கட்டிக்கொடுத்துவிட்டுப் படம் எடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. 'டிரைவிங் ஸ்கூல்' என்று பிள்ளைகள் கார் ஓட்டும் பகுதி. சிவப்பு விளக்கு, சந்திப்பு எல்லாம் இருக்கும். சிவப்பில் நிற்கும் பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுங்கள். திரும்பி வரும்போது நீங்களும் சிவப்பில் நில்லுங்கள். பின்னிருக்கையில் புதிதாக உரிமம் வாங்கியவர் உட்கார்ந்திருப்பார்.

6. கடைசியில் கடை வரும். போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், இவ்வளவு வெள்ளிதான், அதற்குள் நீயே தேர்ந்தெடு என்று. படத்தில் உள்ளதை மட்டும் கட்டும் பெட்டியைவிட, பலவிதக் கற்கள் கலந்த பெட்டி நல்லது. படத்துப் பெட்டி ஒருமுறை கட்டியதும் அலமாரிக்குப் போய்விடும். அலமாரியில் நிற்கும் கல்லும் ஒட்டிய கல்லும் ஒன்றுதான்.

பள்ளிகளுக்கு நான் சொல்வது இது. அடுத்த ஆண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில முன்னாள் மாணவர்களிடம் பேசினேன். வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மூட்டையில் கிடந்த பழைய கற்களைக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் கிலோக் கணக்கில் விற்பவர்களிடம் கொஞ்சம் வாங்கினோம். வேறு கம்பெனிகள் செய்யும், லெகோவோடு பொருந்தும் கற்களும் வந்தன. அடிப்படைக் கல்லின் பழைய காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் அப்படிச் செய்ய யாருக்கும் தடையில்லை. தரம் மட்டும் பார்த்து வாங்குங்கள். மட்டமானவை ஒன்று பிடிக்காது, இல்லாவிட்டால் பிடித்தால் விடாது. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் அதிகம் வைக்காமல் நிழலில் காயவைத்து, பழைய பிஸ்கட் டின்களில் போட்டோம்.

மொத்தச் செலவு, அந்தச் சுற்றுலாவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஆன தொகைக்குள் முடிந்தது. அந்த ஆண்டு பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தையே 1:50 அளவில் கட்டினார்கள். நாடா பிடித்துத் திடலை அளந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், கொடிக்கம்பம் பெரிதாகிவிட்டது என்று பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். சிற்றுண்டிச்சாலையை யார் கட்டுவது என்பதில்தான் பெரிய போட்டி. மூன்று வாரம் பள்ளி நூல்நிலையத்தில் நின்றது. பிறகு பிரித்து டின்னில் போட்டுவிட்டோம், அடுத்த வகுப்புக்கு வேண்டுமே. பிரிக்கும்போது ஒரு பிள்ளைகூட அழவில்லை. மறுபடி கட்ட முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அந்தப் பொறுப்பாளருக்கு என் பதில்: முதலில் டின்னை வாங்குங்கள். பிள்ளைகள் கட்டிப் பழகட்டும். அப்புறம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டிப் பழகிய கண்ணுக்குத்தான் மினிலேண்டின் அருமை தெரியும். "இந்த வளைவை இப்படிச் செஞ்சிருக்காங்க பாரு" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் பேசவே வேண்டியிருக்காது. எல்லோருக்கும் கட்ட முடியாத ஆண்டில் பேருந்துக்குச் சொல்லாதீர்கள். டின் இருக்கிறது, அது போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கற்கள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அருகில் உள்ள தமிழ்ப்பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஜொகூருக்குள் எங்கே என்றாலும் ஒருநாள் நேரில் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

லெகோலேண்ட் போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் பள்ளியில் யாரும் விடுபடாமல் எல்லோரையும் கூட்டிப்போன கதை இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். மற்ற பள்ளிகளுக்கு உதவும்.